டைவ் முடிச்சு மேல வந்ததும் தோப்புக்கரணம் வேண்டாம்

அந்தமான்ல ஹேவ்லாக் தீவுல (கவர்மெண்ட் வச்ச பேரு ஸ்வராஜ் த்வீப், ஆனா அங்க டீக்கடைல கூட யாரும் அப்படிச் சொல்லி நான் கேக்கல) அன்னிக்கு ரெண்டாவது ஸ்கூபா டைவ் முடிச்சு போட் ஏணில ஏறிட்டிருந்தேன். முதுகுல டாங்க், இடுப்புல ஆறு கிலோ ஈயம், கடல் வேற ஆடுது, ஏணி ஒரு நிமிஷம் தண்ணிக்குள்ள போகுது அடுத்த நிமிஷம் இடுப்பு ஒசரத்துக்குத் தூக்குது, நான் பல்லக் கடிச்சு மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒரே எம்பா எம்பி மேல வந்துட்டேன். மேல நின்ன போட் பையனுக்கு பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம், "அண்ணா, தண்ணிலயே கழட்டிக் குடுத்திருக்கலாம்ல, நான் தூக்கிருப்பேன்ல"ன்னான். வாரத்துக்கு நாலு நாள் ஜிம்முக்குப் போறவன் இதுக்கெல்லாம் ஒருத்தன்கிட்ட குடுக்கறதான்னு எனக்கு ஒரு வீம்பு. அதோட விட்டேனா, சாயங்காலம் பீச்ல ஃப்ரெண்ட்ஸோட புஷ்-அப் போட்டி வேற.

ராத்திரி பத்து மணிக்கு வலது தோள் வலிக்க ஆரம்பிச்சுது. அப்ப எனக்கு இருந்த ஒரே கேள்வி, இது புஷ்-அப் வலியா இல்ல வேற வலியா? பதில் தெரியாம முழிச்சிட்டிருந்த அந்த ராத்திரிலதான் டைவிங்குக்கும் உடம்பு உழைப்புக்கும் என்ன சம்பந்தம்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல புரிஞ்சது, எக்சர்சைஸ் நல்லதா கெட்டதான்னு கேக்கறதே தப்பு, எப்பன்னு கேக்கணும். அதே ஓட்டம், அதே பளு, டைவுக்கு முந்தின நாள்னா ஒரு கதை, டைவ் முடிச்ச ஒரு மணி நேரத்துலன்னா முழுக்க வேற கதை.

முதல்ல நைட்ரஜன் கணக்க சுருக்கமா பாத்துருவோம். நாம சுவாசிக்கற காத்துல அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன்தான், தரைல அது சும்மா வந்துட்டு சும்மா போகும். தண்ணிக்குள்ள பத்து மீட்டருக்கு ஒரு அட்மாஸ்ஃபியர் அழுத்தம் கூடும், பதினெட்டு மீட்டர்ல 2.8 ஆயிரும், அந்த அழுத்தத்துல நைட்ரஜன் ரத்தத்துலயும் தசைலயும் கொழுப்புலயும் கரைய ஆரம்பிக்கும். மெதுவா மேல வந்தா கரைஞ்சதெல்லாம் நுரையீரல் வழியா வெளிய போயிரும். வேகமா வந்தா சோடா பாட்டில் மூடியத் திறந்த மாதிரி குமிழ் கிளம்பும், அதனால வர்றதுதான் டிகம்ப்ரஷன் சிக்னெஸ்ங்கற நைட்ரஜன் நோய், ராத்திரி நான் பயந்த அந்த 'வேற வலி'. இதுவரைக்கும் கோர்ஸ்ல சொல்லிக் குடுத்துருவாங்க. மெதுவா ஒழுங்கா வந்தாலும் நிறைய பேருக்கு ரத்தக்குழாய்ல கொஞ்சம் குமிழ் இருக்கத்தான் செய்யும், அதுவும் மேல வந்த உடனே இல்லாம அரை மணியில இருந்து ஒன்றரை மணி நேரம் கழிச்சுதான் உச்சத்துக்குப் போகும், இந்த ரெண்ட மட்டும் அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டாங்க. அதாவது நாம போட்ல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு செல்ஃபி எடுத்துட்டு டாங்க் தூக்கி அடுக்கிட்டு இருக்கற நேரம்தான் உள்ள கச்சேரி நடக்கற நேரம்.

குமிழ் இருந்தாலே நோய்னு அர்த்தம் இல்ல, இத கண்டிப்பா சொல்லணும். சிரை வழியா வர்ற குமிழ் இதயத்தோட வலது பக்கம் வந்து நுரையீரலுக்குப் போகுது, அங்க இருக்கற நுண்குழாய்கள் டீ வடிகட்டி மாதிரி அதப் புடிச்சு வெளிய தள்ளிரும். வடிகட்டியத் தாண்டாத வரைக்கும் பெருசா பிரச்சனை இல்ல.

இப்ப தோப்புக்கரணத்துக்கு வருவோம். டைவ் முடிச்சவங்களுக்கு எவ்வளவு குமிழ் இருக்குன்னு பாக்க டாப்ளர் கருவிய நெஞ்சு மேல வச்சுக் கேப்பாங்க, ரத்தம் ஓடற சத்தத்துக்கு நடுவுல குமிழ் போனா சின்னதா க்ளிக்னு கேக்கும். முதல்ல ஆள அசையாம நிக்க வச்சு கேப்பாங்க. அப்புறம் முட்டிய மடக்கி உக்காந்து எந்திரிக்கச் சொல்வாங்க, நம்ம பிள்ளையார் முன்னாடி போடற அதே மாதிரி, காதப் புடிக்காம. சும்மா நின்னப்ப ஒண்ணுமே கேக்காத ஆளுக்குக்கூட எந்திரிச்ச அடுத்த சில நொடில க்ளிக் க்ளிக்னு ஒரு சரமே போகலாம். கால் தசைலயும் சிரைச் சுவர்லயும் ஒட்டிக்கிட்டு இருந்ததெல்லாம் தசை பிழியப் பிழிய ரத்தத்துல கழண்டு வருது. ரெண்டு நிலையிலயும் தனித்தனியா மதிப்பெண் போடறதே இந்த வித்தியாசத்துக்காகத்தான். உக்காந்து எந்திரிச்சதுக்கே இப்படின்னா முப்பது கிலோவ முதுகுல வச்சுக்கிட்டு ஏணி ஏறினா என்ன ஆகும்னு யோசிங்க. நிறைஞ்ச அலுமினியம் டாங்க் மட்டுமே 17 கிலோ பக்கம் வரும், ஈயம், தண்ணி குடிச்ச ஜாக்கெட், ரெகுலேட்டர் எல்லாம் அதுக்கு மேல.

இன்னொரு விஷயமும் நடக்குது. மூட்டு மடங்கும்போதும் தசை இழுபடும்போதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கற ஈரமான பரப்பு சட்டுன்னு பிரியும், அந்த இடத்துல ஒரு கணம் அழுத்தம் பயங்கரமா கொறஞ்சு கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழ் விதை உருவாகும்னு ஒரு விளக்கம் இருக்கு. விதை இருந்தா போதும், சுத்தி கரைஞ்சு கிடக்கற நைட்ரஜன் அதுக்குள்ள போய் ஊத வைக்கும். இது விண்வெளி ஆராய்ச்சி ஆளுங்களுக்கு ரொம்ப முக்கியமான சமாச்சாரம், ஏன்னா விண்வெளி உடைக்குள்ள அழுத்தம் கம்மி, அவங்களுக்கும் இதே நோய் வரலாம். பூமில இருக்கற கொறஞ்ச அழுத்த அறைல சோதனை பண்ணப்ப, நடக்க விடாம படுக்க வச்சே வச்சிருந்த ஆளுங்களுக்கு கால்ல குமிழ் கம்மியா இருந்துச்சு, எடையில்லாத இடத்துல கால் மேல பாரமே விழாதுங்கறத அப்படித்தான் நடிச்சுப் பாத்தாங்க.

ஏணி பிரச்சனை புதுசும் இல்ல. 1870ல அமெரிக்கால செயிண்ட் லூயிஸ் ஊர்ல மிசிசிப்பி ஆத்துக்கு குறுக்க ஈட்ஸ் பாலம் கட்டினாங்க, தூணுக்கு அஸ்திவாரம் தோண்ட ஆத்துக்கு அடில அழுத்தக் காத்து அடைச்ச பெரிய இரும்புப் பெட்டிக்குள்ள ஆளுங்க இறங்கி வேலை பாத்தாங்க. வேலை முடிச்சு அழுத்தத்துல இருந்து சில நிமிஷத்துல வெளிய விட்டுருவாங்க, அதுக்கு மேல சுழல் படிக்கட்டுல ஏறி வரணும். பத்து பேருக்கு மேல செத்துப் போனாங்க, நிறைய பேரு இடுப்பு வளைஞ்சு கால் இழுத்துக்கிட்டு நடந்தாங்க. அங்க டாக்டரா இருந்த அல்ஃபோன்ஸ் ஜாமினே தானே உள்ள போய்ப் பாத்துட்டு சட்டுன்னு வெளிய வந்து கை கால் வராமப் படுத்துட்டாரு, பொழச்சது அதிர்ஷ்டம். உள்ள இருக்கற நேரத்தக் கொறைக்கணும், வெளிய வந்ததும் படுத்து ஓய்வெடுக்கணும்னு அவர் விதி போட்டாரு, கடைசியா போட்ட ஆழமான அஸ்திவாரத்துக்கு படிக்கட்டு ஏற வேண்டாம்னு லிஃப்டே வச்சாங்க. நைட்ரஜன் குமிழ்தான் காரணம்னு ஃப்ரான்ஸ்ல பால் பெர்ட் 1878ல எழுதறதுக்கு முன்னாடியே, காரணம் சரியாத் தெரியாமலே, படிக்கட்டு மேல சந்தேகம் வந்துருச்சு பாருங்க.

நவீன ஆராய்ச்சில இந்த விஷயத்துல அடிக்கடி வர்ற ஊர் குரோஷியாவோட ஸ்ப்ளிட். கடலோர ஊரு, டைவர்களுக்கு பஞ்சமில்ல, ஆராய்ச்சியாளர்களும் அங்கயே இருக்காங்க. 2013ல வெளியான ஒரு ஆய்வுல 23 டைவர்ஸ 18 மீட்டருக்கு அனுப்பி 47 நிமிஷம் இருக்க வச்சு மேல கொண்டு வந்து இதயத்த ஸ்கேன்ல பாத்தாங்க. சும்மா உக்காந்திருந்தப்ப குமிழ் இதயத்தோட இடது பக்கம் தாண்டினது 3 பேருக்குத்தான். மேல வந்ததும் கடுமையா எக்சர்சைஸ் பண்ண வச்சப்ப 12 பேருக்கு. பாதிக்கு மேல.

இடது பக்கம் தாண்டறதுன்னா என்ன அவ்வளவு பெரிய விஷயம்னு கேட்டா, இடது பக்கத்துல இருந்துதான் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ரத்தம் போகுது. டீ வடிகட்டிய ஏமாத்திட்டு தூள் கப்புக்குள்ள விழுந்த மாதிரி. எப்படித் தாண்டுதுன்னா ரெண்டு வழி. ஒண்ணு, தாய் வயித்துல இருக்கும்போது இதயத்தோட மேல் அறை ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஓட்டை, பொறந்ததும் மூடிரணும், ஆனா நாலுல ஒருத்தருக்கு அது முழுசா ஒட்டாம கதவு சாத்தின மாதிரி மட்டும் இருக்கும், முக்கித் தூக்கும்போது, மூச்சப் புடிச்சு எம்பும்போது நெஞ்சுல அழுத்தம் ஏறி எறங்கும், அப்ப அந்தக் கதவு ஒரு கணம் திறக்கும். நான் ஏணில பண்ணதே அதுதான். ரெண்டாவது வழி நுரையீரல்லயே இருக்கு, உழைப்பு அதிகமாகும்போது வடிகட்டியச் சுத்திப் போற சில பைபாஸ் குழாய் திறந்துக்கும், ஓட்டை இல்லாத ஆளுக்கும் இது நடக்கும். எனக்கு இதயம் சுத்தம்னு சர்டிஃபிகேட் இருக்குன்னு சொல்றவங்களும் அதனால தப்பிக்க முடியாது.

சரி, டைவுக்கு முன்னாடி? இங்கதான் கதை தலைகீழா திரும்புது. ரொம்ப நாளா எல்லாரும் நெனச்சது முன்னாடியும் உழைக்கக் கூடாதுன்னுதான், தசைய அசைச்சா விதை உருவாகும், விதையோட தண்ணிக்குள்ள போனா குமிழ் பெருகும், தர்க்கம் சரியாத்தான் இருந்துச்சு. நார்வேல ட்ரோண்ட்ஹெய்ம்ல ஒரு குழு 2000க்குப் பிறகு எலிய ஓட வச்சு அழுத்த அறைக்குள்ள விட்டுப் பாத்தாங்க. ஓடின எலிக்கு குமிழ் கம்மி, பொழச்சது அதிகம். நேரத்த மாத்தி மாத்திப் பாத்தப்ப டைவுக்கு 20 மணி நேரம் முன்னாடி ஓடினதுக்குத்தான் பலன் இருந்துச்சு, 48 மணி முன்னாடி ஓடினதுக்கும் இல்ல, 10 மணி, 5 மணி, அரை மணி முன்னாடி ஓடினதுக்கும் இல்ல. அதப் பாத்துட்டு ஸ்ப்ளிட்ல 2004ல மனுஷங்ககிட்ட பண்ணாங்க, 12 பேரு, 24 மணி நேரம் முன்னாடி ஒரே ஒரு தடவ மூச்சு வாங்கற அளவுக்கு எக்சர்சைஸ், அடுத்த நாள் அழுத்த அறைல 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமா 80 நிமிஷம். குமிழ் கொறஞ்சுது. அதோட நிக்கல, 2005ல ஃப்ரான்ஸ்ல ராணுவ டைவர்ஸ டைவுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி 45 நிமிஷம் ஓட வச்சாங்க, அங்கயும் கொறஞ்சுது. எலிக்கு சில மணி நேரம் முன்னாடி ஓடினது வேலை செய்யல, ஆளுக்கு செய்யுது. ஏன்? இதுக்கு எல்லாரும் ஒத்துக்கற பதில் இன்னும் வரல.

ரெண்டு விளக்கம் அடிபடுது. ஓடும்போது ரத்தக்குழாயோட உள்சுவர்ல நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும், அது சுவர வழுவழுப்பாக்கும், குமிழ் விதை ஒட்டிக்க இடம் கிடைக்காதுங்கறது ஒண்ணு. நெஞ்சு வலிக்காரங்க நாக்குக்கு அடில வைக்கற நைட்ரோகிளிசரின் மருந்தும் நைட்ரிக் ஆக்சைடத்தான் குடுக்கும், அத டைவுக்கு முன்னாடி குடுத்துப் பாத்தப்பவும் குமிழ் கொறஞ்சுது (நீங்க முயற்சி பண்ணாதீங்க சாமி, பிரஷர் இறங்கி தண்ணிக்குள்ளயே மயங்கிருவீங்க). இன்னொண்ணு, உழைப்பே ஒட்டியிருக்கற விதைகளக் கழட்டி முன்னாடியே அனுப்பிருது, நாளைக்கு குமிழாகறதுக்கு ஆளே இருக்காதுங்கறது. இதுக்கு ஆதரவா 2009ல பெல்ஜியம் குழு ஒண்ணு டைவர்ஸ அதிர்ற மெத்தைல அரை மணி படுக்க வச்சு அனுப்பினாங்க, உழைப்பே இல்ல, உதறல் மட்டும்தான், அதுக்கும் குமிழ் கொறஞ்சுது. டைவ் ஸ்பாட்டுக்குப் போற வழியெல்லாம் அலைல தூக்கித் தூக்கிப் போடற நம்ம போட் ஒருவேளை நல்லதுதான் பண்ணுதோன்னு நான் ஜோக்கா சொல்றதுண்டு, முதுகெலும்பு ஒத்துக்காது.

இந்த ஆய்வுகளப் படிச்சுட்டு போட் ஏறறதுக்கு முன்னாடி பர்பீஸ் போடற ஆளப் பாத்திருக்கேன். கொஞ்சம் நிதானம் வேணும். இதுல இருந்தவங்க பத்து இருபது பேரு, பெரும்பாலும் நல்ல ஃபிட்டான இளம் ஆம்பளைங்க, நிறைய சோதனை வெதுவெதுன்னு ஒரு அழுத்த அறைக்குள்ள நடந்தது, குமிழ எண்ணினாங்களே தவிர யாருக்கு நோய் வந்துச்சு வரலைன்னு எண்ணல. நாப்பத்தஞ்சு வயசு, கொஞ்சம் தொப்பை, ராத்திரி சரியாத் தூங்காம ஃபெர்ரில வந்து இறங்கின ஆளுக்கு அது அப்படியே பொருந்துமான்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. டைவர்ஸுக்காகவே இருக்கற டான் அமைப்போட ஆளுங்க கடுமையான ட்ரெய்னிங்க டைவுக்கு முன்னாடி ஒரு நாள் பின்னாடி ஒரு நாள் தள்ளி வைங்கன்னு சொல்றதும் இந்த நிதானத்துலதான்.

விண்வெளி ஆளுங்க மட்டும் இதத் துணிஞ்சு பயன்படுத்தினாங்க, ஆனா வேற மாதிரி. 2001 ஜூலைல இருந்து விண்வெளி நிலையத்துல வெளிய போறதுக்கு முன்னாடி சைக்கிள மிதிச்சுக்கிட்டே சுத்த ஆக்சிஜன் சுவாசிக்கற முறைய கொண்டு வந்தாங்க, மிதிக்க மிதிக்க ரத்தம் வேகமா ஓடி நைட்ரஜன வாரிக் கொட்டிரும். அங்க ஆக்சிஜன் சுவாசிக்கறாங்கங்கறதுதான் சூட்சுமம், உள்ள வர்ற காத்துல நைட்ரஜனே இல்ல, அதனால ரத்த ஓட்டம் கூடினா வெளிய போறது மட்டும்தான் கூடும்.

இதே தர்க்கத்த தண்ணிக்குள்ள போட்டுப் பாத்தா இன்னொண்ணு புரியும். அடில இருக்கும்போது நீரோட்டத்த எதிர்த்து கால அடிச்சு நீந்தினா ரத்த ஓட்டம் கூடும், கூடின ரத்தம் நைட்ரஜன தசைக்குள்ள வேகமா ஏத்தும். எவ்வளவு நேரம் கீழ இருக்கலாம்னு கணக்குப் போட்டுச் சொல்ற டைவ் கம்ப்யூட்டர்ல பெரும்பாலானதுக்கு நீங்க சொகுசா மிதந்தீங்களா செத்துச் சுண்ணாம்பா நீந்தினீங்களான்னு தெரியாது, ஆழமும் நேரமும்தான் தெரியும். ஹேவ்லாக் பக்கம் டிக்சன்ஸ் பினகிள்ங்கற டைவ் ஸ்பாட்ல நீரோட்டம் இருந்த அன்னிக்கு கயித்தப் புடிச்சே இறங்கி ஏறினோம், டாங்க்ல காத்து வழக்கத்த விட சீக்கிரம் காலி, கம்ப்யூட்டர் மட்டும் பச்சையாவே காட்டிட்டு இருந்துச்சு. அந்த மாதிரி நாள்ல கம்ப்யூட்டர் சொல்றத விட சீக்கிரமா மேல வந்து, நைட்ரஜன் வெளிய போக வழக்கமா அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்கறத அஞ்சு ஆறு நிமிஷமாக்கிக்கறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல. அங்க நிக்கும்போது சிலை மாதிரி தொங்காம லேசா கால ஆட்டிக்கிட்டு இருந்தா நல்லது, அப்ப ரத்த ஓட்டம் வெளியேத்தறதுக்கு உதவும். ஆக கீழ சோம்பேறியா, மேல வரும்போது லேசா சுறுசுறுப்பா, மேல வந்தப்புறம் மறுபடி சோம்பேறியா இருக்கணும். நம்மாளுங்க செய்யறது அப்படியே தலைகீழ்.

இதயத்தப் பத்தி ஒரு வார்த்தை. டைவிங்ல சாகறவங்கள்ல நாலுல ஒரு பங்கு பேருக்கு மூலம் இதயம்தான். தண்ணில இறங்கினாலே கை கால் ரத்தம் நெஞ்சுக்கு ஏறும், அதுக்கு மேல நீரோட்டத்தோட மல்லுக்கட்டினா இதயத்துக்கு ரெட்டை வேலை. அதனால எக்சர்சைஸே வேண்டாம்னு யாரும் இதப் படிச்சுட்டு முடிவு பண்ணக் கூடாது, வருஷம் பூரா பண்ணுங்க, டைவ் பண்ற அந்த ரெண்டு மூணு நாள் மட்டும் மூட்டை கட்டி வைங்க.

இப்ப என் தோளுக்கு வர்றேன். டைவ் முடிச்சு எக்சர்சைஸ் பண்ணக் கூடாதுங்கறதுக்கு குமிழ் ஒரு காரணம்னா, என் கணக்குல அத விடப் பெரிய காரணம் குழப்பம். நைட்ரஜன் நோய் அதிகமா காட்டறது தோள்லயும் முழங்கைலயும் முட்டிலயும், புஷ்-அப் வலிக்கறதும் அதே இடம்தான். அமெரிக்க கடற்படை கையேட்டுக் கணக்குப்படி அறிகுறி வந்தவங்கள்ல 42 சதவீதம் பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள, 60 சதவீதத்துக்கு மூணு மணிக்குள்ள, 83 சதவீதத்துக்கு எட்டு மணிக்குள்ள, 98 சதவீதத்துக்கு ஒரு நாளுக்குள்ள வந்துருது. எனக்கு எட்டு மணி நேரம் ஆகியிருந்துச்சு, சரியா நடுவுல மாட்டிக்கிட்டேன். ஜிம் வலின்னா அமுக்கினா சுருக்குங்கும், கையத் தூக்கினா கூடும். நைட்ரஜன் வலி ஆழமா மந்தமா மூட்டுக்குள்ள இருந்து வரும், அமுக்கினாலும் அசைச்சாலும் பெருசா மாறாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு, ராத்திரி பதினோரு மணிக்கு பயத்துல உக்காந்துக்கிட்டு அமுக்கிப் பாத்தா எல்லாமே ரெண்டு மாதிரியும்தான் தெரியுது. என் கூட வந்தவன் "காலைல பாத்துக்கலாம்டா, படு"ன்னான். டைவ் ஷாப்காரங்க கிட்ட கேக்க வெக்கம், ஏன்னா புஷ்-அப் கதையச் சொல்லணும். இந்த வெக்கத்துலயும் 'காலைல பாத்துக்கலாம்'லயும்தான் சிகிச்சை தள்ளிப் போகுது. ராத்திரி ஹேவ்லாக்ல இருந்து ஃபெர்ரி கிடையாது, இதுக்கு சிகிச்சை குடுக்கற அழுத்த அறை இருக்கறது போர்ட் பிளேர்ல (இப்ப பேரு ஸ்ரீ விஜயபுரம்) கடற்படை ஆஸ்பத்திரில. கடைசில பன்னெண்டு மணிக்கு இன்ஸ்ட்ரக்டர எழுப்பினேன், அவர் ஆக்சிஜன் மாஸ்க மாட்டி உக்கார வச்சு கண்ண மூடச் சொல்லி, நிக்க வச்சு, விரல மூக்குல தொடச் சொல்லி, மரத்துப் போன மாதிரி இருக்கான்னு இஞ்சு இஞ்சா கேட்டாரு. போன்ல ஒரு டாக்டர்கிட்டயும் பேசினாரு. காலைல பாத்தா ரெண்டு தோளும் நெஞ்சும் சேர்ந்து வலிச்சுது. அப்பதான் உயிரே வந்துச்சு, நைட்ரஜன் அவ்வளவு நியாயமா ரெண்டு பக்கமும் பங்கு போடாது.

இதெல்லாம் ஜாலிக்கு டைவ் போறவன் பிரச்சனை. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் சங்கு எடுக்கறவங்க கம்ப்ரசர் குழாய வாயில கடிச்சுக்கிட்டு மணிக்கணக்கா கீழ இருக்காங்க, குனிஞ்சு தேடி பை நிறைய சங்கோட மேல வந்து வள்ளத்துல அவங்களே இழுத்து ஏத்தி கரைல அவங்களே தூக்கிப் போறாங்க. அவங்ககிட்ட போய் ஓய்வெடுங்க அண்ணாச்சின்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வராது, கூட ஒரு ஆள் கூலிய யார் தர்றது. ஆனா நம்ம போட்ல தூக்கிக் குடுக்க ஆள் இருக்கு, காசு அதுக்கும் சேத்துத்தான் குடுத்திருக்கோம்.

அதனால இப்பல்லாம் தண்ணிலயே வெயிட் பெல்ட்டக் கழட்டி முதல்ல குடுத்துருவேன், அப்புறம் டாங்கோட ஜாக்கெட்ட, அப்புறம் ஃபின்ஸ, கடைசியா வெறும் ஆளா ஏறுவேன். ஏறினதும் தண்ணி குடிச்சுட்டு உக்காந்துருவேன், டாங்க் அடுக்கற வேலைல கலந்துக்க மாட்டேன், பாக்கறவங்க பெரிய மனுஷன்னு நெனச்சுட்டுப் போகட்டும். ரூமுக்கு வந்ததும் கொதிக்கக் கொதிக்க குளிக்கறதையும் விட்டுட்டேன், தோல் சட்டுன்னு சூடானா அங்க இருக்கற வாயு கரைஞ்சு நிக்காம வெளிய வரப் பாக்கும். ஸ்கூபா முடிச்ச அன்னிக்கு மூச்சடக்கி முங்கற வேலையும் கிடையாது, உழைப்பு ஒரு பக்கம், முங்கும்போது அழுத்தத்துல சிரைல இருக்கற குமிழ் சுருங்கி நுரையீரல் வடிகட்டிய நழுவிப் போக வாய்ப்பு இருக்கறது இன்னொரு பக்கம்.

கடைசி நாள்தான் ரொம்ப உஷாரா இருக்கணும். பல நாள் டைவ் பண்ணினா ஃப்ளைட்டுக்கு முன்னாடி 18 மணி நேரமாவது இடைவெளி விடணும்ங்கறது எல்லாருக்கும் தெரியும், அதனால அந்த நாள் சும்மாதான இருக்குன்னு ப்ளான் போடறவங்க எலிஃபன்ட் பீச்சுக்கு காட்டு வழியா ட்ரெக்கிங், கயாக்கிங்னு திணிச்சு வச்சிருப்பாங்க. பல நாள் சேத்து வச்ச நைட்ரஜனோட அன்னிக்குப் போய் சேத்துல கால் வழுக்க ஏறி இறங்கறாங்க. நான் போன தடவ அன்னிக்கு மார்க்கெட் பக்கம் போய் பஜ்ஜி தின்னுட்டு டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்தேன். பக்கத்து பெஞ்சுல அந்த ராமநாதபுரத்துப் பையன், அவனுக்கும் லீவு, "என்னண்ணா ட்ரெக்கிங் போகலயா"ன்னான். தோள்ல தட்டிக் காட்டினேன், சிரிச்சுட்டு இன்னொரு பஜ்ஜி சொன்னான்.